400 ரூபா மத்தி, 30 ரூபா மத்தி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஹெட்போன்ல கேட்டவங்களுக்குப் பின்னாடி ஒரு சத்தம் வந்திருக்கும். தகரக் கூரையை யாரோ பிடிச்சு உலுக்குற மாதிரி. மைக் பிரச்சனை இல்லை. பூம்பாறையில எங்க அப்பத்தா வீட்டு மேலறையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணது. ஆடி மாசம், காத்து. எடிட்டிங்ல அதை எடுத்துடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன், ஏன்னா இன்னைக்குப் பேசப்போறதே அந்தக் காத்தைப் பத்தித்தான்.

பூம்பாறை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர் போற ரோட்டுல இருக்கு. படிப்படியா இறங்குற வயல், குழந்தை வேலப்பர் கோயில், எங்க பார்த்தாலும் பூண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு விளையுற ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. கடல் மட்டத்துல இருந்து 1,900 மீட்டர் பக்கம் உயரம். கடல் மீனைப் பத்தி எபிசோட் பண்ண இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடைக்காதுதான். ஆனா கேள்வி இங்கேயே வந்துச்சு, அதனால இங்கேயே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊருக்குக் கீழ இருந்து ஒரு மீன்கார அண்ணன் வண்டியில ஐஸ் பெட்டி கட்டிக்கிட்டு வருவார். ஹாரன் சத்தம் கேட்டா அப்பத்தா சட்டியோட வாசல்ல நிப்பாங்க. அவங்களுக்கு மத்திதான் வேணும். வஞ்சிரம், பாறை எல்லாம் "பணக்காரன் மீனு". மத்தியை மலைப்பூண்டு உரிச்சுப் போட்டுக் குழம்பு வெச்சா, ரெண்டாம் நாள் அதைத் தொட்டுக்கவே தனியா பசிக்கும். 2024 ஆடியில அண்ணன் சொன்ன விலையைக் கேட்டுட்டு அப்பத்தா சட்டியைத் திருப்பி எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. "மத்திக்கு இந்த விலையா? தங்கம் கலந்து விக்கிறியா?" அதே அண்ணன், அடுத்த தை மாசம் நான் லீவுல வந்தப்போ, மத்தியைக் கூறு போட்டு அள்ளிக் கொடுத்துட்டு இருந்தார். மீன் மட்டும் விரல் நீளம்தான் இருந்துச்சு.

ஆறு மாசத்துல என்ன ஆச்சு? எங்க ஊர் கதை மட்டும் இல்லை இது. கேரளாவுல 2024 நடுவுல மத்தி கிலோ 400 ரூபாயைத் தொட்டுச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள கரையில கிலோ 20, 30 ரூபாய்க்கு இறங்கிடுச்சு. பங்குச் சந்தையில இப்படி ஒரு சார்ட் பார்த்தா நாம உடனே மோசடின்னு சொல்லுவோம்.

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு பார்ப்போம். கொச்சியில தலைமையகம் வெச்சிருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா சி.எம்.எஃப்.ஆர்.ஐ., 1947-ல ஆரம்பிச்சது. வருஷா வருஷம் எந்த மீன் எவ்வளவு கரைக்கு வந்துச்சுன்னு அவங்கதான் கணக்கு எடுக்கிறாங்க. அந்தக் கணக்குப்படி 2012-ல கேரளாவுல பிடிபட்ட மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல? சுமார் 3,300 டன். நான் முதல் தடவை பார்த்தப்போ யாரோ ரெண்டு பூஜ்யத்தை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். நூறுல ஒரு பங்குகூட மிஞ்சல. சரி, அழிஞ்சே போச்சுன்னு பார்த்தா, அடுத்த வருஷமே 1 லட்சம் டன் பக்கம் வந்து நின்னுச்சு.

புலி, யானைக்கெல்லாம் இப்படி நடக்காது. ஒரு உயிரினம் நூறுல ஒண்ணாகி உடனே திரும்பி வர்றதுன்னா, அதோட வாழ்க்கையை ஏதோ ஒண்ணு ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் பண்ணுதுன்னு அர்த்தம். அந்த ஸ்விட்சுக்குப் பேர் மேலெழுச்சி. அப்வெல்லிங்.

முதல்ல மீனோட பேரைச் சரி பண்ணிக்கலாம், இல்லைன்னா கமெண்ட்ல சண்டை வரும். நான் சொல்றது நெய்மத்தி. குமரி மாவட்டத்துல சாளைன்னு சொல்லுவாங்க, பேச்சாளைன்னும் பேர் உண்டு. சென்னையில கவலை, ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் சூடைன்னு விக்கிறது பெரும்பாலும் இதோட சித்தப்பா, பெரியப்பா பிள்ளைங்க. இந்த மத்தி, அயலை, நெத்திலி எல்லாம் ஒரே வகையறா. கடலோட மேல்பகுதியில கூட்டமா சுத்துற சின்ன மீனுங்க. அடியில உட்கார்ந்து வாழற மீனுங்க இல்லை. இதை மனசுல வெச்சுக்கங்க.

இப்போ கடலுக்கு வருவோம். கடலோட மேல்தட்டுல வெயில் இருக்கு. வெயில் இருந்தா ஒளிச்சேர்க்கை நடக்கும், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி வளரும். ஆனா பாசிக்கு வெயில் மட்டும் போதாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் வேணும், அதாவது உரம். மேல இருக்கிற உரத்தைப் பாசி சீக்கிரம் தின்னு தீர்த்துடும். பாசி, மீன், மீனோட கழிவு எல்லாம் செத்து, மக்கி, கீழ இறங்கிடும். அதனால உரம் முழுக்க ஆழத்துல கிடக்கும், அங்க வெளிச்சம் கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, ப்ராசஸர் மேல இருக்கு, டேட்டா கீழ இருக்கு, நடுவுல கேபிள் இல்லை. வெப்பமண்டலக் கடல்ல இந்தப் பிரிவு ரொம்ப உறுதியானது. மேல சூடான, லேசான தண்ணி. கீழ குளிர்ந்த, கனமான தண்ணி. எண்ணெயும் தண்ணியும் மாதிரி கலக்காம நிக்கும்.

அந்தக் கேபிளைப் போட்டுக் கொடுக்கிறது காத்து.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. அம்மி பறக்குதோ இல்லையோ, கடலோட மேல்தோல் நிஜமாவே நகருது. ஆனா எந்தப் பக்கம் நகருதுங்கறதுதான் விசித்திரம். 1893-ல நார்வேக்காரர் நான்சென் தன்னோட ஃப்ராம் கப்பலை வட துருவப் பனியில வேணும்னே சிக்க வெச்சு, பனியோட சேர்ந்து மிதந்து போனார். பனிக்கட்டி காத்து அடிக்கிற திசையில போகாம, அதுக்கு வலது பக்கமா விலகி விலகிப் போறதைக் கவனிச்சார். ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டினவர் எக்மான்ங்கிற ஸ்வீடன்காரர், 1905-ல. பூமி சுத்துறதால, மேல்தட்டு சில பத்து மீட்டர் தண்ணி மொத்தமா எந்தப் பக்கம் போகுதுன்னு கூட்டிப் பார்த்தா, பூமத்திய ரேகைக்கு வடக்கே அது காத்துக்குச் சரியா வலது பக்கம். செங்கோணத்துல.

இப்போ கேரளக் கரையை நினைச்சுக்கங்க. பேர் தென்மேற்குப் பருவக்காற்றுன்னாலும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கேரளக் கரையை ஒட்டி அது மேற்கு, வடமேற்குப் பக்கத்துல இருந்து சாய்வா வருது. கரையோரமா தெற்கு நோக்கி ஒரு தள்ளு இருக்கு. தெற்கே பார்த்து நில்லுங்க. உங்க வலது கை எந்தப் பக்கம்? மேற்கு. அரபிக்கடல். அப்போ மேல்தட்டுத் தண்ணி கரையை விட்டு விலகிக் கடலுக்குள்ள போகுது. கரைக்குப் பக்கத்துல அந்த இடம் காலியா இருக்க முடியாதே? பக்கவாட்டுல கரை இருக்கு, தண்ணி வர வழியில்லை. கீழ இருந்துதான் வரணும். குளிர்ந்த, உரம் நிறைஞ்ச தண்ணி, மெதுவா மேல ஏறுது. ஒரு நாளைக்குச் சில மீட்டர் ஏறினாலே பெரிய விஷயம். ஆனா அது மாசக்கணக்கா ஏறுது. சித்திரை, வைகாசியில 30 டிகிரி பக்கம் இருந்த கடல், ஆடி, ஆவணியில 26 டிகிரி பக்கம் இறங்குது.

கிழக்குக் கரையில? அங்க அதே காத்து நிலத்தைத் தாண்டித் தென்மேற்குல இருந்து வடகிழக்கா, கரையை ஒட்டியே போகுது. வடகிழக்கு பார்த்து நின்னா வலது கை வங்காள விரிகுடா பக்கம். அங்கேயும் தண்ணி கரையை விட்டுத்தான் விலகும். ஒரே பருவக்காத்து, ரெண்டு கரையிலயும் அடித்தண்ணியை மேல இழுக்குது. கிழக்குல அது வீரியம் கம்மி. தெற்கு முனையில, கன்னியாகுமரி, குளச்சல் பக்கம் ரொம்ப பலம். முப்பந்தல்ல காத்தாடிகள் சுத்துறதைப் பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அதைச் சுத்துற அதே காத்துதான் தெற்கே கடலைப் புரட்டுது. குமரிக் கடலோரத்துல கச்சான்னு சொல்ற காத்து. அதே காத்து மலையேறி எங்க அப்பத்தா வீட்டுத் தகரத்தை ஆட்டுது. இங்கிருந்து நேர்கோட்டுல அரபிக்கடல் 130 கிலோமீட்டர் பக்கம்தான்.

சரி, உரம் மேல வந்தாச்சு. அப்புறம் நடக்கிறது ஒரு பந்தி. முதல்ல வர்றது டயாட்டம்ங்கிற பாசி. கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு போட்டுக்கிட்டு, சில நாள்ல பல மடங்காப் பெருகும். மத்திக்கு இதுதான் சோறு. வாயைத் திறந்து நீந்திக்கிட்டே, செவுள்ல இருக்கிற சீப்பு மாதிரியான அமைப்புல பாசியை வடிகட்டித் தின்னுடும். சூரை மீன் மாதிரி நாலஞ்சு கை மாறி வர்ற சாப்பாடு இல்லை, நேரா வயலுக்கே போய் மேயற மாதிரி. ஒவ்வொரு கை மாறும்போதும் பெரும்பகுதி சக்தி வீணாப்போகும். நடுவுல புரோக்கர் இல்லாததாலதான் மத்தி லட்சம் டன் கணக்குல இருக்க முடியுது. 1955-ல நாயர், சுப்ரமணியன்னு ரெண்டு விஞ்ஞானிகள், ஃப்ரஜிலாரியா ஓசியானிகாங்கிற ஒரு டயாட்டம் கடல்ல நிறைய தெரிஞ்சா மத்தியும் நிறைய வரும், அது ஒரு அடையாளம்னு எழுதினாங்க. இன்னைக்கு அந்த வேலையைச் செயற்கைக்கோள் செய்யுது. கடலோட நிறத்தை வெச்சுப் பச்சையம் எவ்வளவுன்னு பார்க்கிற ஓசன்சாட் வரிசை இதுக்காகவே போனதுதான். ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அதையும் கடலோட வெப்பத்தையும் வெச்சு, எந்தப் பக்கம் மீன் கிடைக்க வாய்ப்பு அதிகம்னு மீனவர்களுக்குத் தகவல் அனுப்புது.

மத்தி இந்தப் பந்திக்கு ஏத்த மாதிரியே தன் வாழ்க்கையை அமைச்சுக்கிச்சு. முட்டை போடறது மழைக்காலத்துல, ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள. குஞ்சு பொரிஞ்சு வெளிய வரும்போது கடல் பூரா சாப்பாடு. ஒரே வருஷத்துல, சுமார் 15 சென்டிமீட்டர் ஆகும்போது, அதுவே முட்டை போட ரெடி. மொத்த ஆயுசே ரெண்டரை வருஷம் பக்கம்தான். மழை முடிஞ்சு பிடிபடற மத்தியில கொழுப்பு ஏறி நிக்கும், நெய்மத்திங்கிற பேர் சும்மா வரல. முன்னாடி மலபார் கரையில இதைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறது தனித் தொழிலாவே இருந்துச்சு.

உலக அளவுல இதோட வீச்சு புரியணும்னா பெரு நாட்டைப் பாருங்க. பெரு, கலிஃபோர்னியா, மொராக்கோ, நமீபியா கரைகள்ல இருக்கிற பெரிய மேலெழுச்சிப் பகுதிகள் கடல் பரப்புல ஒரு சதவீதம் பக்கம்தான். உலகத்துல பிடிக்கிற கடல் மீன்ல தோராயமா அஞ்சுல ஒரு பங்கு அங்கிருந்து வருது. பெருவுல 1970-ல நெத்திலி வகை மீன் மட்டும் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல பிடிச்சாங்க. 1972-ல எல் நினோ வந்துச்சு. வெதுவெதுப்பான தண்ணி மேல மூடிக்கிச்சு, கேபிள் கட். ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிச்சிருந்தாங்க வேற. 1973-ல 20 லட்சம் டன் பக்கம் சுருங்கிடுச்சு.

இதுவரைக்கும் கேட்டா கதை ரொம்ப ஈஸி. காத்து அதிகம், மேலெழுச்சி அதிகம், மீன் அதிகம். நானும் அப்படித்தான் நினைச்சு இந்த எபிசோடை எழுத ஆரம்பிச்சேன். பாதி ஸ்கிரிப்டை அழிச்சுட்டுத் திரும்ப எழுத வேண்டியதாப்போச்சு. ஏன்னா நம்ம கடல்ல அந்தச் சமன்பாடு வேலை செய்யாது.

காரணம், கீழ இருந்து வர்ற தண்ணி பழைய தண்ணி. அரபிக்கடலுக்குக் கீழ, 150 மீட்டர்ல இருந்து ஆயிரம் மீட்டர் வரைக்கும், ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்ச ஒரு பெரிய அடுக்கு இருக்கு. உலகத்துல இருக்கிற இந்த மாதிரி அடுக்குகள்ல இது ரொம்பத் தீவிரமானது. மேலெழுச்சி உரத்தைக் கொண்டுவரும்போது இந்த மூச்சுத்திணறலையும் சேர்த்தே கொண்டு வருது. அதுக்கும் மேல, மேல வளர்ந்த பாசி செத்துக் கீழ விழுந்து அழுகும்போது, மிச்சம் இருக்கிற ஆக்சிஜனும் போயிடும். கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த நக்வியும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் 2000-ல இதை நேச்சர் இதழ்ல எழுதினாங்க. மழைக்காலம் முடியுற சமயத்துல மேற்குக் கரையோரத்துல ஆக்சிஜனே இல்லாமப்போய், அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வர்ற அளவுக்குப் போகுதுன்னு.

மத்திக்கு இது சங்கடம். சாப்பாடு இருக்கிற இடத்துல மூச்சு விட முடியாது. நல்ல மேலெழுச்சின்னா கடலோட மேல்தட்டு பச்சையாகணும், மூச்சும் மிஞ்சணும். அளவு தப்பினா மத்தி கரையை விட்டு வெளிய ஓடும், இல்லை மேல்தட்டுல ஒடுங்கி நிக்கும், இல்லை தெற்கு, வடக்குன்னு இடம் மாறும்.

இதுல நேரமும் ஒரு கணக்கு. 1990-ல லாங்ஹர்ஸ்ட், வூஸ்டர்னு ரெண்டு பேர், கொச்சித் துறைமுகத்துல பதிவான கடல் மட்ட அளவுகளை எடுத்து மத்தி வரத்தோட ஒப்பிட்டாங்க. கடல் மட்டத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? சூடான, லேசான தண்ணி விலகி, குளிர்ந்த, கனமான தண்ணி வந்தா கடல் மட்டம் கொஞ்சம் இறங்கும். அதனால அந்தப் பழைய அளவுகோல்ல மேலெழுச்சியோட டைரி இருக்கு. ரொம்ப அழகான ஐடியா, எனக்கு லாக் ஃபைலைத் தோண்டி பக் கண்டுபிடிக்கிற சீனியர்கள் ஞாபகம் வந்தாங்க. அவங்க கண்டது: பருவக்காத்து தொடங்கறதுக்கு முன்னாடியே, சீக்கிரமா மேலெழுச்சி ஆரம்பிச்ச வருஷங்கள்ல, குட்டி மத்தி வரத்து குறைஞ்சிருக்கு. முட்டை போட வர்ற தாய் மீனுங்க கரைப்பக்கம் வர்றதுக்குள்ள ஆக்சிஜன் இல்லாத தண்ணி அங்க வந்து உட்கார்ந்திருக்கலாம்னு அவங்க விளக்கம் சொன்னாங்க.

காத்து வர்றதுக்கு முன்னாடி எப்படி மேலெழுச்சி ஆரம்பிக்கும்னு நீங்க கேட்டா, நீங்க கவனமாக் கேக்குறீங்கன்னு அர்த்தம். அதுக்கு ஆர்டர் வங்காள விரிகுடாவுல இருந்து வருது. அங்க காத்துல ஏற்படற மாற்றம் கெல்வின் அலைங்கிற ஒரு பெரிய, கண்ணுக்குத் தெரியாத அலையா மாறி, கரையை வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டே நகர்ந்து, இலங்கையையும் குமரி முனையையும் சுத்தி, கேரளக் கரையோரமா வடக்கே ஏறுது. அது போற வழியில சூடான தண்ணிக்கும் குளிர்ந்த தண்ணிக்கும் நடுவுல இருக்கிற எல்லையை மேல தூக்கிடும். அதனாலதான் மேலெழுச்சி குமரிப் பக்கம் முதல்ல தெரிஞ்சு, அப்புறம் மெதுவா வடக்கே போகுது. ஆலப்புழையில மத்தி வரலைன்னா, காரணம் சில மாசம் முன்னாடி கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததாக்கூட இருக்கலாம்.

ஆக, காத்து வேணும், ஆனா சீக்கிரம் வரக்கூடாது. பலமா வேணும், ஆனா மூச்சு முட்டக்கூடாது. மழையும் வேணும். எல்லாம் சரியா அமைஞ்ச வருஷம் குஞ்சுகள் கோடிக்கணக்குல பிழைக்கும். அமையாட்டி ஒரு தலைமுறையே காணோம். ஆயுசு ரெண்டரை வருஷம்ங்கிறதால பேக்கப் தலைமுறை கிடையாது. 1940-கள்லயே இது பெரிய தலைவலி, மெட்ராஸ் அரசு மீன்வளத்துறையில இருந்த தேவநேசன், மத்தி ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னு 1943-ல ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கார். 1994-லயும் கேரளாவுல மத்தி அடிமட்டத்துக்குப் போச்சு. அப்போ பாட்டம் ட்ராலர், ஏற்றுமதி, காலநிலை மாற்றம்னு எல்லார் மேலயும் பழி போடறதுக்கு முன்னாடி, இந்த மீன் எப்பவுமே இப்படித்தான்ங்கிறதை ஒத்துக்கணும்.

ஆனா "எப்பவுமே இப்படித்தான்"ங்கிறது ரொம்ப வசதியான வாக்கியம். எங்க டீம்ல ப்ரொடக்ஷன் டவுன் ஆகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லுவார். 2012-க்கு அப்புறம் வந்த சரிவை சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யைச் சேர்ந்த கிருபாவும் மற்றவங்களும் ஆராய்ஞ்சு 2018-ல எழுதின கட்டுரை, ரெண்டையும் சேர்த்துத்தான் குத்தம் சொல்லுது. மிதமிஞ்சிப் பிடிச்சது, கூடவே காலநிலை. நல்ல வருஷங்கள்ல படகும் வலையும் பெருகிடுச்சு. அப்புறம் 2015-ல பெரிய எல் நினோ. இயற்கையாவே கீழ இறங்கற நேரத்துல நாமளும் சேர்ந்து அழுத்தினோம்.

கடல் சூடாகறதும் சேர்ந்து வரைபடத்தையே மாத்திடுச்சு. 1980-கள் வரைக்கும் மத்தின்னா கேரளா, கர்நாடகா, அவ்வளவுதான். 1980-களோட கடைசியில இருந்து அது குமரி முனையைச் சுத்திக் கிழக்குக் கரைக்கு வந்து, மண்டபம், புதுச்சேரி, சென்னைன்னு நல்ல அளவுல பிடிபட ஆரம்பிச்சுச்சு. இன்னொரு பக்கம் வடக்கே மகாராஷ்டிரா, குஜராத் பக்கமும் ஏறுச்சு. விவேகானந்தன் முதலான சி.எம்.எஃப்.ஆர்.ஐ. விஞ்ஞானிகள் இதைக் கடல் வெப்பம் ஏறுனதோட சேர்த்துப் பார்க்கிறாங்க. நம்ம வீட்டு மத்தி மலையாளி மத்தின்னு நினைச்சுட்டு இருந்தேன், இப்போ அதுல பாதி தமிழ் பேசுது போல.

இங்கதான் எனக்குச் சட்டம் பத்தி ஒரு நெருடல். தமிழ்நாட்டுல கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். மேற்குக் கரையில ஜூன் 1-ல இருந்து ஜூலை 31. கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு கரையும் இருக்கு, அதனால ஒரே மாவட்டத்துக்குள்ள ரெண்டு தடைக்காலம். சின்னமுட்டத்துல படகு இறங்கும்போது குளச்சல்ல படகு கட்டிக் கிடக்கும். மத்தி முட்டை போடறது மழைக்காலத்துல. மேற்குத் தடைக்காலம் அதுல பாதியையாவது மூடுது. கிழக்குத் தடைக்காலம் அது தொடங்கும்போது முடிஞ்சுடுது. இன்னொண்ணு, இந்தத் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப் படகுக்கு இல்லை. எளிய மீனவங்க மழைக்காலத்துல பட்டினி கிடக்கக் கூடாதுன்னு வெச்ச விதி அது, அது நியாயம்தான். ஆனா கேரளாவுல பெரிய இன்ஜின் வெச்ச ரிங் சீன் வள்ளங்களும் அதே வாசல் வழியாத்தான் உள்ள போகுது. ஒரு வலையை ஒரு மீன் கூட்டத்தைச் சுத்திப் போட்டு அடியில சுருக்கினா, கூட்டம் மொத்தமும் உள்ள. கூட்டமா இருக்கிறதுதான் மத்தியோட தற்காப்பு. அந்த வலைக்கு அதுவே வசதி.

2024-க்குத் திரும்பி வருவோம். அந்த வருஷம் மழை நேரத்துக்கு வந்துச்சு, மேலெழுச்சி மிதமா இருந்துச்சு, குஞ்சுகள் ஏகப்பட்டது பிழைச்சுச்சுன்னு சி.எம்.எஃப்.ஆர்.ஐ. ஆட்கள் சொன்னாங்க. ஆடியில கடல்ல பெரிய மத்தி இல்லை, தடைக்காலம் வேற, அதனால 400 ரூபா. ஆனா அதே சமயத்துல அடுத்த தலைமுறை கண்ணுக்குத் தெரியாம வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. ஐப்பசி, கார்த்திகையில அது கரைப்பக்கம் வந்தப்போ கடல் பூரா மத்தி. கூட்டம் ரொம்ப அதிகம், சாப்பாட்டுக்குப் போட்டி, அதனால வளர்ச்சி கம்மி, கொழுப்பும் கம்மி. பந்தியில 100 பேருக்குச் சமைச்சதை 500 பேர் சாப்பிட்ட கதை. சின்ன மீன், நெய் இல்லாத மீன், யாரும் வாங்க மாட்டாங்க, அதனால 30 ரூபா. சாப்பிட ஆள் இல்லாத குட்டி மீன் மீன்தூள் ஆலைக்குப் போகும். அங்க அரைச்சு, கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனம்.

படகுக்காரங்க பக்கம் நின்னு பாருங்க. மத்தி சரியாக் கிடைக்காம டீசல் கடன்ல இருந்தவர், திடீர்னு கரையோரத்துல கூட்டத்தைப் பார்க்கிறார். "இதை விட்டுட்டா, ஆறு மாசத்துல ரெண்டு மடங்கு எடையும் பத்து மடங்கு விலையும் ஆகும்"னு நாம ஏசி ரூம்ல இருந்து சொல்லலாம். அவர் விட்டா பக்கத்துப் படகு விடுமா? பக்கத்து மாநிலம் விடுமா? அடுத்த வாரம் மேலெழுச்சி மாறி, கூட்டமே வேற பக்கம் போயிட்டா? கேரளாவுல மத்திக்குக் குறைந்தபட்ச நீளம் 10 சென்டிமீட்டர்னு விதி இருக்கு, அதுக்குக் கீழ பிடிச்சா அபராதம். நல்ல விதிதான். ஆனா முதல் முட்டை போடறது 15 சென்டிமீட்டர் பக்கம்ங்கிறதை மறந்துடாதீங்க. நடுவுல இருக்கிற அந்த 5 சென்டிமீட்டர்லதான் அடுத்த வருஷத்து மத்தி இருக்கு. எல்லாரும் சேர்ந்து விட்டாத்தான் அதுல லாபம், ஒருத்தர் மட்டும் விட்டா அவருக்கு நஷ்டம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுக்குச் சாஃப்ட்வேர் தீர்வு கிடையாது.

இந்த ரெக்கார்டிங் பாதியில நிறுத்தி ஒரு தடவை கீழ போனேன், ஹாரன் சத்தம் கேட்டுச்சு. அண்ணன் பெட்டியில மத்தி இருந்துச்சு. அப்பத்தா வாங்கி முற்றத்துல கொட்டினதும், நான் பூண்டு வயல்ல கயிறு கட்ட வெச்சிருக்கிற டேப்பை எடுத்து ஒவ்வொண்ணா அளக்க ஆரம்பிச்சேன்.

"என்னடா, மீனுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

பன்னெண்டு மீன் அளந்தேன். ரெண்டு 10-க்குக் கீழ. எட்டு 11, 12. மிச்சம் ரெண்டு மட்டும் 15-ஐத் தாண்டுச்சு, அதுல ஒண்ணு வயித்துல சினை இருந்துச்சு. அண்ணன் வண்டியைத் திருப்பாம நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். நான் அவர்கிட்ட கொச்சி கடல் மட்டம், கெல்வின் அலை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டார்.

"அப்போ அடுத்த வருஷம் மத்தி உண்டா, இல்லையா தம்பி?"

"சித்திரையில சொல்றேன்ணே. அதுவும் பாதிதான் சொல்ல முடியும்."

"சித்திரையில நானே சொல்லுவேன்"னு வண்டியைக் கிளப்பினார். அப்பத்தா சினை இருந்த மீனைத் தனியா எடுத்து வெச்சாங்க. அது எனக்காம்.